சம்பங்கிவல்லியை விழாவுக்கு அனுப்பிய ராவுத்தர்

ஜப்பான்காரனிடம் அறை வாங்கியவர்கள் மலாக்காவில் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். அறை வாங்கிக்கொண்டு, கன்னத்தைத் தடவியபடியே, "அப்படின்னா அடுத்த விழாவுக்குக் கொண்டாரட்டுங்களா துவான்?" என்று கேட்ட மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் காஜா பெராங் வட்டாரத்து 'ஒத்தப்படம்' ராவுத்தர்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நான் கேட்டதில்லை. மரவள்ளிக் கிழங்குக்கு வரிசையில் நிற்கும்போதுகூட, 'ஒத்தப்படம்' என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். அவரிடம் ஒரே ஒரு படம் இருந்தது. அதனால் அந்தப் பெயர். பசாருக்குப் பக்கத்தில் தகப்பனார் இவர் பங்குக்கு விட்டுப்போன துணிக்கடையை விற்று, பினாங்கில் ஒரு பழைய மெஷினும் ஒரு பழைய படமும் வாங்கி வந்தார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் படம் காட்டுவது, வருகிற வரும்படியில் இரண்டாவது படம் வாங்குவது என்று திட்டம். படம் வந்து சேர்ந்தது. பின்னாலேயே ஜப்பான்காரனும் வந்து சேர்ந்தான்.

படத்தின் பெயர் 'சம்பங்கிவல்லி அல்லது பத்தினியின் பரீட்சை'. சினிமா பேசக் கற்றுக்கொண்ட புதிதில் எடுத்தது. அதனால் அதில் யாரும் பேசவில்லை, பாடிக்கொண்டே இருந்தார்கள். சந்தேகப் பேய் பிடித்த ராஜா, ராணி சம்பங்கிவல்லியைக் காட்டுக்குத் துரத்துகிறான். அவள் காட்டில் பாடுகிறாள். புலி வருகிறது. அவள் பாட்டை முடிக்கும்வரை புலி காத்திருக்கிறது. காத்திருந்து காத்திருந்து அதற்கே அலுத்துப்போய்த் திரும்பிவிடுகிறது. இதைத்தான் பத்தினியின் மகிமை என்று படத்தில் சொல்வார்கள். சிம்மாசனத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும்போது ராஜா கையில் கடிகாரம் கட்டியிருப்பார்.

காஜா பெராங்கில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு கொட்டகையில் ராவுத்தர் இதை ஓட்டிக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் படங்களை ஜப்பான்காரன் தடுத்துவிட்டதால் எங்களுக்கும் வேறு போக்கில்லை. பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் மனப்பாடம். ராஜா தீர்ப்புச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் மொத்தக் கொட்டகையும் தீர்ப்பைச் சொல்லி முடித்திருக்கும். ராவுத்தருக்கு அதில் வருத்தமில்லை. நடுவில் ஒருவன் எழுந்து போனால்தான் பொறுக்காது. மெஷினை விட்டு ஓடிவந்து, அவன் போகிற அவசரம் எந்த வகை அவசரம் என்று விசாரித்த பிறகுதான் வெளியே விடுவார். சுருட்டுப் பிடிக்கிறவனையும் விடமாட்டார். பிலிம் என்பது வெடிமருந்துக்குக் கூடப்பிறந்தது, விளக்குக்கு முன்னால் ஒரு மூச்சு நேரம் ஓடாமல் நின்றால் பற்றிக்கொள்ளும் என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் பிரசங்கம் செய்வார்.

அவருக்குக் காலக்கணக்கெல்லாம் ரீலில்தான். கிழங்கு வேக ஒன்றரை ரீல். காஜா பெராங்கிலிருந்து டவுனுக்கு சைக்கிளில் இரண்டு ரீல். டியூப் கிடைக்காத காலம், டயருக்குள் கயிற்றைத் திணித்து ஓட்டிய சைக்கிள், மழை பெய்தால் மூன்று ரீல். அவர் ஐவேளை தொழுகிறவர். சம்பங்கிவல்லியோ மூச்சுக்கு மூச்சு அம்பாளைக் கூப்பிடுகிறவள். இதை யாராவது கிண்டல் செய்தால், "அது அவ நம்பிக்கை. அவ புருசன் நம்பாததுதானே கதை" என்று வாயை அடைத்துவிடுவார்.

நான் அப்போது தமிழ்ப் பள்ளியில் டீச்சர். என் அண்ணன் வீட்டில் இருந்தேன். ராவுத்தர் கொட்டகைக்கு அடுத்த வீடு. டீச்சர்கள் எல்லோரும் நிப்போங்கோ என்கிற ஜப்பான் பாஷை படித்தாக வேண்டும் என்று உத்தரவு வந்து, எங்களை உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தார்கள். எனக்கு ஒட்டியது, வகுப்பில் பிள்ளைகளை அதட்டத் தேவையான வார்த்தைகள் மட்டும். எழுந்திரு, உட்கார், புத்தகத்தை மூடு, கதவைச் சாத்து, யார் சிரித்தது. ஆனால் ராவுத்தர் பார்வையில் நான் டோக்கியோவில் பிறந்தவள்.

ஜப்பானியர் பிரசார அலுவலகம் டவுனில் அவ்வப்போது திரைப்பட விழா நடத்தும். சக்கரவர்த்தியின் பிறந்தநாள், ஏதாவதொரு வெற்றிநாள் என்று சாக்குக்குப் பஞ்சமில்லை. காட்டுவதெல்லாம் அவர்கள் படம். கூடவே இங்கிருக்கும் ஒவ்வொரு இனத்தாரும் ஒரு படம் கொண்டுவந்து காட்டலாம், தேறினால் விழாவில் ஓடும் என்று அறிவித்தார்கள். தேறிய படத்துக்குச் சிவப்பு முத்திரை. அது இருந்தால் எங்கும் ஓட்டலாம், மின்சாரமும் மெஷின் விளக்கில் எரிக்கிற கார்பன் குச்சியும் கிடைக்கும். இல்லாவிட்டால் கொட்டகைக்குப் பூட்டு. ராவுத்தரிடம் குச்சி தீர்ந்துகொண்டு வந்தது. ஆனால் குச்சிக்காக மட்டும் அவர் அலையவில்லை. கடையை விற்றதிலிருந்து அவர் அண்ணன் பார்க்கிற இடத்திலெல்லாம் கேலியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். நல்ல படம் என்று அதிகாரத்தில் இருக்கிற ஒருவராவது சொல்ல வேண்டும். அது எந்த ராஜாங்கமாக இருந்தால் என்ன என்பது ராவுத்தரின் நினைப்பு.

முதல் தடவை டப்பாக்களை சைக்கிளில் கட்டிக்கொண்டு, என்னையும் மொழிபெயர்க்க அழைத்துக்கொண்டு போனார். அதிகாரி வட்டக் கண்ணாடி போட்டவர். சண்டைக்கு முன்னால் சித்திர வாத்தியாராக இருந்தாராம். படம் புதிதாக இருக்க வேண்டும், புதிய ஆசியாவின் உணர்ச்சி அதில் இருக்க வேண்டும் என்று விதியைச் சொன்னார். எப்போது எடுத்த படம் என்று கேட்டார். ராவுத்தர், "நம்ம கையில வந்து கொஞ்ச நாள்தான்னு சொல்லுங்க டீச்சர்" என்றார். படம் ஓடியது. சம்பங்கிவல்லி காட்டில் பாடத் தொடங்கினாள். என்ன பாடுகிறாள் என்று அதிகாரி கேட்டார். எனக்குத் தெரிந்ததை வைத்து, அவள் புலியை உட்காரச் சொல்கிறாள் என்றேன். பாட்டு முடியவில்லை. மறுபடி கேட்டார். இப்போது எழுந்திருக்கச் சொல்கிறாள் என்றேன். புலி திரும்பிப் போனதும் அவரே புரிந்துகொண்டவர்போலத் தலையாட்டினார்.

பிறகு ராஜாவின் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். பழங்காலத்து ராஜாவுக்கு இது ஏது என்று சிரிக்காமல் கேட்டார். அது நிப்போன் தேசத்துக் கடிகாரம், அந்தக் காலத்திலேயே எங்கள் ராஜாக்கள் அதைத்தான் விரும்பிக் கட்டினார்கள் என்று ராவுத்தர் சொல்லச் சொன்னார். அதற்கெல்லாம் என்னிடம் வார்த்தை இல்லை. கடிகாரம் நல்லது என்று மட்டும் சொன்னேன். பழைய படம், ரொம்ப நீளம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அடுத்த விழாவுக்கு ராவுத்தர் படத்தைப் புதிதாக்கினார். கண்ணாடிச் சில்லில் 'ஆசியாவின் பத்தினி' என்று எழுதி முதலில் காட்டிவிட்டு, ரீல்களை இடம் மாற்றி ஓட்டினார். இதில் சம்பங்கிவல்லி முதலில் புருஷனோடு சேர்ந்து சந்தோஷமாக இருக்கிறாள், பிறகு காட்டுக்குப் போகிறாள், அதற்கும் பிறகு கல்யாணம் செய்துகொள்கிறாள், கடைசியில் தொட்டிலில் கிடக்கிறாள். வட்டக் கண்ணாடி பொறுமையாகப் பார்த்தார். அந்தப் புலியை எங்கோ பார்த்த ஞாபகம் என்றார். ராவுத்தர், புலிகளெல்லாம் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும் என்று சொல்லும்படி என்னைக் கெஞ்சினார். சொல்லத் தெரியாமல் நான் நின்ற நிற்பிலேயே அதிகாரிக்கு விஷயம் விளங்கிவிட்டது.

மூன்றாவது தடவை ராவுத்தர் ரீல்களைப் பழையபடி அடுக்கிவிட்டு, படத்தில் வருகிற வில்லன் மந்திரியை இங்கிலீஷ்காரன் என்று சொல்லிவிடச் சொன்னார். அந்த நடிகர் கொஞ்சம் சிவப்பு. அதிகாரியின் முகம் முதல்முறையாக மலர்ந்தது. மந்திரி செய்த ஒவ்வொரு அக்கிரமத்துக்கும் தொடையைத் தட்டி ரசித்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசி ரீலில் மந்திரி திருந்திவிடுவான், சம்பங்கிவல்லி அவனை அண்ணா என்று அழைத்துக் காலில் விழுவாள் என்பதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. ஆசியப் பத்தினி இங்கிலீஷ்காரன் காலில் விழுந்தாள். ராவுத்தர் கன்னத்தில் அறை விழுந்தது. திரும்பி வருகிற வழியெல்லாம் அவர் அதை அறை என்று ஒப்புக்கொள்ளவே இல்லை. "கடைசிவரைக்கும் உக்காந்து பாத்துட்டுத்தானே டீச்சர் அடிச்சான்? பாதியில எந்திரிச்சுப் போகலையே" என்றார்.

பிறகு கொஞ்ச நாள் கொட்டகை பூட்டிக் கிடந்தது. அப்போது வேறொரு பயம் ஊரைச் சூழ்ந்திருந்தது. சயாமில் ரயில்பாதை போடத் தோட்டங்களிலிருந்து ஆட்களை லோரி லோரியாக ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று மாத வேலை என்று சொல்லிப் போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. அதற்குப் பிறகு ஆட்கள் தாங்களாகப் போவது நின்றது. தெருவில் லோரிச் சத்தம் கேட்டால் ஆண்கள் பின்வாசலால் ஓடினார்கள்.

இந்தச் சமயத்தில் பிரசார அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு மேலதிகாரி வந்தார். வட்டக் கண்ணாடி அவருக்குக் கீழே ஆகிவிட்டார். புதியவர் மிகவும் மரியாதைக்காரர், வாய் நிறையச் சிரிப்பு. ராவுத்தரையும் என்னையும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். உங்களிடம் ஒரு தமிழ்ப் படம் இருக்கிறதாமே, எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்டார். ராவுத்தர் தயங்கித் தயங்கி, மூன்று மணி நேரத்துக்கு மேல் என்றார். மிக நல்லது என்றார் அதிகாரி. படம் பழசு என்று ராவுத்தரே உண்மையைச் சொல்லியும், பரவாயில்லை என்று சிவப்பு முத்திரையைக் குத்திவிட்டார். டவுனில் பெரிய தியேட்டரில் தமிழர்களுக்கு இலவசக் காட்சி. மத்தியான ஆட்டம். முதல் நாள் ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்குப் பிறகு. படம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு டின் அரிசி.

ஆட்டத்தன்று காலையில் ராவுத்தரைப் பார்த்திருக்க வேண்டும். கோட்டுக்குப் பெட்டி போட்டு, அத்தர் பூசி, காஜா பெராங் முழுக்க வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். தன் அண்ணன் வீட்டு வாசலில் மட்டும் இரண்டு தடவை நின்று சொன்னார்.

மத்தியானம் தியேட்டர் நிரம்பி வழிந்தது. அரிசி என்ற சொல்லுக்கு அந்தக் காலத்தில் அவ்வளவு மகிமை. தோட்டங்களிலிருந்து நடந்தே வந்திருந்தார்கள். நான் மொழிபெயர்ப்பாளர் என்பதால் அதிகாரிக்குப் பின்னால், வாசலோரம் நின்றிருந்தேன். படம் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. சிப்பாய்களின் தலைவன் ஒருவன் வந்து சல்யூட் அடித்தான். அதிகாரி அதே சிரித்த முகத்தோடு அவனிடம் ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்தது மூன்று சொற்கள். படம். முடிந்ததும். கதவைச் சாத்து. அதையெல்லாம் நான் தினம் பிள்ளைகளிடம் சொல்கிறவள். பிறகு 'தாய்' என்றார். யாருடைய தாய் என்று நினைத்தேன். சயாமுக்கு அவர்கள் சொல்லும் பெயர் அது என்பது ஞாபகம் வர ஒரு நிமிடம் பிடித்தது. வெளியே எட்டிப் பார்த்தேன். தார்ப்பாய் போட்ட லோரிகள் சந்துக்குள் வரிசையாக வந்து நின்றுகொண்டிருந்தன.

தண்ணீர் குடிக்கப் போவதாகச் சைகை காட்டிவிட்டு மெஷின் அறைக்கு ஏறினேன். ராவுத்தர் ஓட்டை வழியாகத் திரையைப் பார்த்தபடி, உதடு அசைய, பாட்டைக் கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் கேட்டதையும் பார்த்ததையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. எனக்கு நிப்போங்கோ சரியாகத் தெரியாது என்பதை முதல் தடவையாக அன்றுதான் சொன்னார். நான் ஜன்னலைத் திறந்து லோரிகளைக் காட்டினேன்.

லோரிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு ஓட்டை வழியாகக் கீழே பார்த்தார். திரையை அல்ல, உட்கார்ந்திருந்த தலைகளை.

"நான்தானே டீச்சர் வீடு வீடாப் போயி கூப்பிட்டேன்" என்றார்.

படம் முடிய இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டேன். மூன்று ரீல் என்றார். மற்ற ரீல்கள் டப்பாவில் திறந்தபடி பக்கத்திலேயே இருந்தன. அவற்றை ஒரு தடவை கையால் தடவிக்கொடுத்தார். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"நீங்க கீழ போயி கதவுகிட்ட நில்லுங்க. திரையில ஓட்டை விழுந்ததும் நெருப்புன்னு கத்துங்க. தமிழ்லயே கத்துங்க டீச்சர். அவன் பாஷையில கத்தி எல்லாரையும் உக்காரச் சொல்லிடாதீங்க."

நான் இறங்கி வந்து கதவோரம் நின்றேன். சம்பங்கிவல்லி சிறையில் அழுதுகொண்டிருந்தாள். அழுகிறவள் சட்டென்று அப்படியே நின்றாள். கண்ணீர் கன்னத்தில் பாதியில் நின்றது. நெற்றியில் பழுப்பாக ஒரு புள்ளி தோன்றியது. அது விரிந்து, நுரைத்து, முகத்தைத் தின்றது. வெள்ளைத் திரை தெரிந்தது. மெஷின் அறை ஓட்டை வழியாக மஞ்சள் வெளிச்சமும் புகையும் பீறிட்டன.

நான் கத்தினேன். வாழ்க்கையில் அப்படி ஒருமுறைதான் கத்தியிருக்கிறேன். கதவுகளைச் சாத்தும் நேரம் வரவில்லை, அவை திறந்தே கிடந்தன. கூட்டம் அணையுடைத்த தண்ணீர்போல வெளியேறியது. வாசலில் நின்ற சிப்பாய்களையும் அது அடித்துக்கொண்டு போனது. சிரித்த அதிகாரி செருப்பில்லாமல் நடுத்தெருவில் நின்றார். லோரிக்காரர்கள் நெருப்பைப் பார்த்துத் தங்கள் வண்டிகளைக் காப்பாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சந்து பொந்தெல்லாம் புகுந்து ஆட்கள் மறைந்தார்கள். ஓடத் தொடங்கிய ஒருவர் ஊருக்கு வெளியே இருக்கும் செமாபோக் வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாராம். அன்று மறைந்தவர்களில் சிலர் பிற்பாடு வேறெங்கோ பிடிபட்டார்கள். ஆனால் அன்றைக்கு ஒருவரும் லோரி ஏறவில்லை.

ராவுத்தர் கடைசியாக வந்தார். உடனே வந்திருக்கலாம். கடைசி ரீலை மட்டுமாவது எடுத்துவிடலாம் என்று நெருப்புக்குள் கையை விட்டிருக்கிறார். ரீல் கிடைக்கவில்லை. இரண்டு கையும் மணிக்கட்டுவரை வெந்துபோயிருந்தன.

விசாரணை நடந்தது. வேண்டுமென்றே செய்தாயா என்று மேலதிகாரி கேட்டார். இப்போது அவர் சிரிக்கவில்லை. ராவுத்தர் நிதானமாக, "பழைய படம் துவான். பழைய பிலிம் சட்டுன்னு புடிச்சிக்கும். பழசுன்னு நான் அன்னைக்கே சொன்னேனே" என்றார். பழைய பொருளுக்கு என்ன சொல் என்று எனக்குத் தெரியவில்லை. வயதானவர்களுக்கு உள்ள சொல்தான் தெரியும். படம் கிழவி, கிழவிக்குச் சூடு தாங்கவில்லை, செத்துப்போனாள் என்று மொழிபெயர்த்தேன்.

ஓரத்தில் நின்றிருந்த வட்டக் கண்ணாடி, துணி சுற்றிய ராவுத்தரின் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முன்னால் வந்து விறைப்பாக நின்று, இந்தப் படம் மிகப் பழையது என்று தாம் மூன்று விழாக்களுக்கும் மறுத்துத் திருப்பியதை மேலதிகாரியிடம் சொன்னார். அதை எடுத்து முத்திரை குத்தியது யார் என்று அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. மேலதிகாரி ஜன்னலைப் பார்த்தார். ராவுத்தரைச் சில நாள் அடைத்து வைத்து, கன்னத்தில் வழக்கமான அறைகளைக் கொடுத்து விட்டுவிட்டார்கள்.

வெளியே வந்த ராவுத்தரிடம் படம் இல்லை. மெஷின் உருகிவிட்டது. விரல்கள் மடங்கவில்லை. அவர் அண்ணன் வந்து வாசலில் நின்று, தன் துணிக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுவைத்திருப்பதாக மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ராவுத்தர் அங்கே உட்கார்ந்து, சேலை எடுக்க வருகிற பெண்களிடம் சம்பங்கிவல்லி கட்டியிருந்த கரையைப் பற்றிச் சொல்லி வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தார்.

ஜப்பான்காரன் போய், இங்கிலீஷ்காரன் திரும்பி வந்த பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. அந்த மத்தியானம் ஒரு டின் அரிசிக்காக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் அவரும் என்பது நிச்சயதார்த்தத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. ராவுத்தர் அத்தர் மணக்க வந்தார். மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார்.

"இவருக்காகவா டீச்சர் என் படத்தை எரிச்சேன்?" என்றார். பந்தலே சிரித்தது. அவரும் சிரித்தார்.

பந்தியில் அவரை உட்காரவைத்தார்கள். இலையில் சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. பக்கத்து இலைக்காரர்களோடு பேசுவதுபோல அவர் நேரத்தைக் கடத்திக்கொண்டிருந்தார். அந்த விரல்களால் சோற்றைப் பிசைய முடியாது என்பது யாருக்கும் தோன்றவில்லை. மணப்பெண் பந்திக்குள் வரக்கூடாது என்று என் அத்தை கையைப் பிடித்து இழுத்தாள். நான் பட்டுச் சேலையை ஒதுக்கிக்கொண்டு அவர் இலைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். சோற்றைக் குழையப் பிசைந்து, உருண்டை உருண்டையாகப் பிடித்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். உப்புக் கம்மி என்று சொல்லிக்கொண்டே, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.